வேதத்தில் கத்தரி வைத்தவர் யார்?

கடந்த மாதம் ஒரே வாரத்தில் இரண்டு காணொளிகள் எனது கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தன. முதலாவதை ரொறன்ரோவில் வசிக்கும் ஒன்றுவிட்ட சகோதரி ஒருவர் அனுப்பியிருந்தார். தமிழ்ப் போதகர் ஒருவர் ஒரு கையில் கறுப்பு மட்டைப் பழைய வேதாகமத்தையும் மறுகையில் 1995 இல் வெளிவந்த திருவிவிலியத்தையும் உயர்த்திப் பிடித்தபடி, திரித்துவத்தைச் சொல்லும் வசனத்தையே வெட்டி எறிந்துவிட்டார்கள் என்று முழங்குகின்றார். அவர் குறிப்பிடுவது யோவானின் முதலாம் நிருபம், 5ஆம் அதிகாரம், 7ஆம் வசனம். பரலோகத்தின் மூன்று சாட்சிகளைப் பற்றிய வாக்கியம் பழைய நூலில் இருக்கின்றது. புதிய நூலில் இல்லை. கண்ணுக்குத் தெரிகின்ற உண்மைதான்.

இரண்டாவது காணொளி பாரிஸிலிருக்கும் நண்பரிடமிருந்து வந்தது. ஒரு காலத்தில் என்னோடு ஒரே மேசையிலிருந்து செய்தி எழுதியவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 325 இல் நிக்கேயா நகரில் கொன்ஸ்தந்தைன் சக்கரவர்த்தி ஆயர்களைக் கூட்டி, தனக்கு வேண்டிய நூல்களை வேதாகமத்தில் வைத்துக்கொண்டு மிகுதியை எரித்துவிட்டான் என்பது அதன் சாரம். "உம்முடைய புத்தகத்தின் இலட்சணத்தைப் பாரும்" என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

போதகரும் நண்பரும் ஒருவரையொருவர் அறியார், அறிந்தால் அடிபடுவார்கள். ஆயினும் இவ்விரு காணொளிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதே எனது கட்சி. வேதாகமம் கடவுளுடையதாயின் அது எழுத்துக்கு எழுத்து முடிந்த நூலாக வானத்திலிருந்து இறங்கியிருக்க வேண்டும், மனிதக் கை பட்டிருப்பின் அது மோசடி, என்ற ஒரே எண்ணமே இரண்டுக்கும் அடியிலே கிடக்கின்றது. முன்னவர் மனிதக் கையை மறைக்கின்றார். பின்னவர் மனிதக் கையைக் காட்டிக் கைகொட்டிச் சிரிக்கின்றார். கிறிஸ்தவம் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லி வந்தது இவ்விரண்டும் அல்ல என்பதை இருவருமே அறியார்.

நான் இறையியல் படித்தவனல்லன். ஒரு கலைப் பட்டமும் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பத்திரிகைத் தொழிலுமே என் கைவசம் உள்ளவை. என்னை எழுத வைத்தவன் எனது சகோதரியின் மகன். சிறு வயதில் ஞாயிறு பாடசாலையில் வசன மனனப் போட்டிகளில் பரிசுகளை அள்ளிக் குவித்தவன். லண்டனில் பல்கலைக்கழகம் சென்ற முதலாண்டிலே, மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய சுவடிகளில் இல்லை என்பதை இணையத்தில் எங்கோ வாசித்திருக்கின்றான். வாசித்த அன்றிரவே என்னை அழைத்தான்.

"மாமா, உங்களுக்கு இது முதலே தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

"எங்கட போதகருக்கு?"

"அவருக்கும் தெரியும். இறையியற் கல்லூரியில் படிப்பிக்கிறவை."

"அப்ப ஏன் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை?"

என்னிடம் பதிலில்லை. அதற்குப் பின்னர் அவன் ஆலயம் செல்வதில்லை. அந்தப் பன்னிரண்டு வசனங்கள் அவனை வெளியேற்றவில்லை. நாங்கள் வாய் திறக்காததுதான் வெளியேற்றியது.

இனிப் போதகர் காட்டிய வசனத்துக்கு வருவோம். இதன் வரலாறு ஒரு துப்பறியும் கதைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

1516 இல் எராஸ்மஸ் என்ற ஒல்லாந்து அறிஞர், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை அச்சிட்டு வெளியிட்டார். விற்பனைக்கு வந்த முதலாவது கிரேக்கப் பதிப்பு அதுவே. அதில் அவ்வாக்கியம் இருக்கவில்லை. 1519 இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் இல்லை. காரணம் எளியது: அவர் பார்த்த கிரேக்கச் சுவடி எதிலும் அது இல்லை. ஆனால் மேற்குத் திருச்சபை ஓதி வந்த இலத்தீன் வேதாகமத்தில் அது இருந்தது. ஆதலால் வசனத்தை வெட்டிவிட்டார், ஆரியஸின் பழைய பேதகத்துக்குக் கதவு திறக்கின்றார் என்று எராஸ்மஸ் மீது பாய்ந்தார்கள். ரொறன்ரோப் போதகரின் குற்றச்சாட்டு ஐந்நூறு ஆண்டுகள் பழையது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னர் கிரேக்கச் சுவடியொன்று அவருக்குக் காட்டப்பட்டது. இன்று அது டப்ளின் திரித்துவக் கல்லூரியிலே இருக்கின்றது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட, அதாவது அவர் காலத்திலேயே மை காயாதிருந்த சுவடி அது. தன்னை மறுப்பதற்கென்றே அது எழுதப்பட்டதோ என்ற ஐயம் எராஸ்மஸுக்கு இருந்தது. எனினும் அவதூறுக்கு இடமளிக்க விரும்பாமல் 1522 இன் மூன்றாம் பதிப்பில் வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு கிரேக்கச் சுவடியைக் காட்டினால் சேர்க்கின்றேன் என்று எராஸ்மஸ் சபதம் செய்தார், அதன்படி செய்தார் என்றொரு கதை பல நூல்களில் உண்டு. நானும் ஒரு ஞாயிறு இதழில் அக்கதையைச் சுவையாக எழுதியிருக்கின்றேன். அவ்வாறான சபதத்துக்கு ஆதாரமில்லை என்று ஒல்லாந்து அறிஞர் டி யொங் 1980 இலேயே காட்டிவிட்டார் என்பது நான் எழுதிப் பல காலத்துக்குப் பின்னரே எனக்குத் தெரியவந்தது. பிறர் பிழையைச் சொல்ல வந்தவன் தன் பிழையையும் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

எராஸ்மஸின் பதிப்பை அடியொற்றிய கிரேக்கப் பாடமே 1611 இன் ஆங்கில வேதாகமத்துக்கு அடிப்படையாயிற்று. வாக்கியமும் அதனோடு சென்றது. லூதர் தமது வாழ்நாளில் வெளியிட்ட ஜேர்மன் மொழிபெயர்ப்பில் அதைச் சேர்க்கவில்லை. அவர் இறந்த பின்னர் அச்சிட்டவர்கள் சேர்த்தார்கள். விஞ்ஞானி நியூட்டன் 1690 இல் ஜோன் லொக்குக்கு எழுதிய நீண்ட மடலில் அது பிற்சேர்க்கை என்று வாதிட்டார்; அம்மடல் 1754 வரை அச்சேறவில்லை. 1881 இல் ஆங்கிலத் திருத்தப் பதிப்பு வந்தபோது, ஓர் அடிக்குறிப்புக்கூட இல்லாமல் அவ்வாக்கியம் வெளியே விடப்பட்டது. நமது தமிழ்ப் பழைய வேதாகமமோ அதற்குப் பத்தாண்டுகள் முந்தியது. பவர் ஐயர் தலைமையிலான குழுவினர் முடித்த ஐக்கிய மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1871 இல். அவர்கள் தம் காலத்தில் பெரிதும் வழங்கிய கிரேக்கப் பாடத்தைப் பின்பற்றினார்கள். அதில் இருந்ததைத் தமிழில் தந்தார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. 1995 இன் மொழிபெயர்ப்பாளர்கள் பழைய சுவடிகளில் இல்லாததை மூலப்பாடத்தில் வைக்கவில்லை. அவர்கள் மீதும் குற்றமில்லை. குற்றமெல்லாம் இவ்வரலாற்றைச் சொல்லாமல் இரண்டு நூல்களை மட்டும் உயர்த்திக் காட்டுகின்ற கைகள் மீதே.

கத்தோலிக்கரும் இதில் தப்பவில்லை. 1897 இல் உரோமையின் பரிசுத்த அலுவலகம், அவ்வாக்கியத்தின் நம்பகத்தன்மையை மறுப்பது பாதுகாப்பானதல்ல என்று தீர்ப்பளித்தது. 1927 இல் அதே அலுவலகம், அறிஞர்கள் ஆராய்ந்து எதிர்முடிவுக்கு வருவதைத் தடுப்பது தனது நோக்கமல்ல என்று விளக்கம் கொடுத்துப் பின்வாங்கியது. அந்த முப்பதாண்டுகளில் சுவடிகள் எதுவும் மாறிவிடவில்லை.

அப்படியாயின் வாக்கியம் எங்கிருந்து வந்தது? இலத்தீன் உலகில், நான்காம் நூற்றாண்டின் ஸ்பானியாவில் அதன் முதற் தடயங்கள் தெரிகின்றன. ஆவி, நீர், இரத்தம் என்ற மூன்று சாட்சிகளைப் பற்றிய இடத்துக்கு யாரோ ஒருவர் ஓரத்தில் எழுதிய விளக்கம், பிரதி செய்தவரின் கையால் மூலத்துக்குள் ஏறியிருக்க வேண்டும் என்பது அறிஞர்களிற் பலரின் கருத்து.

இக்கருத்தை நம்புவதற்கு எனக்கு ஆராய்ச்சி நூல் வேண்டியதில்லை. நான் தொழிலுக்கு வந்த காலம் ஈய எழுத்துக்களின் கடைசிக் காலம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டச் செய்தி. உதவி ஆசிரியர் பிரதியின் ஓரத்தில், "தலைவரா, செயலாளரா? கேட்டு எழுதுக" என்று பென்சிலால் குறித்திருந்தார். மறுநாட் பத்திரிகையில் அக்கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரின் பெயருக்குப் பக்கத்திலே, "தலைவரா, செயலாளரா? கேட்டு எழுதுக" என்று அழகாக அச்சாகியிருந்தது. அச்சுக்கோப்பாளரை எல்லோரும் ஏசினோம். அவர் சொன்னார், "தாளிலை இருந்ததை நான் விடமாட்டன் ஐயா." எழுதப்பட்டதை விட்டுவிடுவதற்கு அஞ்சுகின்ற அந்த நேர்மைதான் ஓரக்குறிப்பை உள்ளே கொண்டுவருகின்றது. நமது குறிப்புப் பொருந்தாததால் ஊரே சிரித்தது. பொருந்துகின்ற குறிப்பாயிருந்தால் யார் கண்டிருப்பார்?

பழைய சுவடிகளோடு ஒப்புநோக்குகின்றவர்கள் கண்டிருப்பார்கள். புதிய ஏற்பாட்டுக்கு 5,000க்கும் மேற்பட்ட கிரேக்கச் சுவடிகளும் துண்டுகளும் உண்டு. அவற்றிடையே வேறுபாடுகள் இலட்சக்கணக்கில் உண்டு என்று சொல்லி எங்களை வெருட்டுகின்றார்கள். உண்டுதான். சுவடிகள் பல இருப்பதனாலேயே வேறுபாடுகளும் பல. பல இருப்பதனாலேயே ஓரிடத்தில் நுழைந்த வாக்கியம் பிடிபடுகின்றது. பெரும்பாலானவை எழுத்துக்கூட்டல், சொல் முறை மாற்றம் போன்றவை. பெரிய இடங்கள் என்று விரலால் எண்ணத்தக்கவை சில. மாற்கின் முடிவு அவற்றிலொன்று. விபசாரத்திற் பிடிபட்ட பெண்ணின் கதை இன்னொன்று. அக்கதை பழைய சுவடிகளில் இல்லை. சில சுவடிகளில் யோவானை விட்டு லூக்காவுக்குள் போய் நிற்கின்றது. இடம் தேடி அலைந்த கதை போலும்.

போதகரின் நேயர்களுக்கு ஒரு சிறு சோதனை சொல்கின்றேன். பல புதிய மொழிபெயர்ப்புகளில் மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் 20இலிருந்து 22க்குத் தாவுவார்கள். 21 எங்கே? திருடுகிறவன் இலக்கத்தை இப்படிக் காலியாக விட்டுப் போவானா? வசனங்களுக்கு இலக்கமிட்டவர் எத்தியேன் என்ற பிரான்சிய அச்சகர், ஆண்டு 1551. தம் கையிலிருந்த பாடத்துக்கு அவர் இலக்கமிட்டார். அதிலும் பழைய சுவடிகள் பின்னர் கிடைத்தபோது சில வசனங்கள் அடிக்குறிப்புக்குப் போயின. இலக்கங்கள் மட்டும் அப்படியே நின்றன. வெளிப்படையாக விடப்பட்ட வெற்றிடத்தைச் சதி என்பதற்குத் தனித் துணிவு வேண்டும்.

திரித்துவம் இதனால் இடிந்து விழுந்ததா என்றால், அவ்வாக்கியத்தைக் கையாளாமலேதான் நான்காம் நூற்றாண்டில் கிரேக்கப் பிதாக்கள் ஆரியஸோடு வாதாடி வென்றார்கள். அவர்களிடம் அது இருந்திருந்தால் பாவிக்காமல் விட்டிருப்பார்களா?

ஆரியஸ் என்றதும் நிக்கேயா வந்துவிடுகின்றது. பாரிஸ் நண்பருக்கும் பதில் சொல்ல வேண்டுமே.

நிக்கேயா மகாசங்கம் எந்த நூலையும் ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. ஆரியஸின் போதனை, உயிர்த்தெழுந்த திருநாளின் தேதி, குருமாரின் ஒழுக்கம் ஆகியவற்றையே அது ஆராய்ந்தது. அதன் 20 விதிகளும் இன்று நம் கையில் உள்ளன; வேதாகம நூல்களின் பட்டியல் அவற்றில் இல்லை. கொன்ஸ்தந்தைன் பிற்காலத்தில் தலைநகர ஆலயங்களுக்காக 50 வேதாகமப் பிரதிகளை எழுதித் தரும்படி யூசேபியஸிடம் கேட்டான் என்பது உண்மை. அவ்வளவே. 2003 இல் டான் பிறவுணின் 'டா வின்சி கோட்' நாவல் இக்கட்டுக்கதையை உலகெங்கும் கொண்டுசென்றது. 2006 இல் அதன் திரைப்படத்தை இலங்கையில் தடைசெய்தார்கள். எங்கள் கிறிஸ்தவ வட்டாரங்களில் அத்தடையை வெற்றியாகக் கொண்டாடினார்கள். தடை கேட்கச் செலவிட்ட மூச்சிற் பாதியை, நிக்கேயாவில் உண்மையில் நடந்தது என்னவென்று ஞாயிறு மறையுரையில் சொல்வதற்குச் செலவிட்டிருக்கலாம். படத்தைத் தடுத்தார்கள், கதை தடையின்றி வந்து சேர்ந்தது.

இக்கதையின் பூர்வீகம் இன்னும் வேடிக்கையானது. அதைக் கட்டியவன் நாத்திகன் அல்லன். ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கச் சங்க வரலாறு ஒன்றிலே, நிக்கேயாவின் ஆயர்கள் எல்லா நூல்களையும் பலிபீடத்தருகே வைத்துச் செபித்தார்கள், மெய்யானவை மேலே நின்றன, போலிகள் கீழே போயின என்று ஓர் அற்புதம் வருகின்றது. வேதத்துக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணி ஒரு பக்தன் எழுதியது. பதினெட்டாம் நூற்றாண்டில் வோல்தேர் அதையெடுத்துக் கேலி செய்தார். கேலி நாவலாயிற்று, நாவல் காணொளியாயிற்று. பக்தன் சொன்ன பொய்யைத்தான் இன்று பகைவன் எங்களுக்கு எதிராக வீசுகின்றான்.

நூல்களின் தொகுதி உண்மையில் எப்படி அமைந்தது? மெதுவாகவும் சற்றுக் குழப்பமாகவும் அமைந்தது. நான்கு நற்செய்திகளும் பவுலின் நிருபங்களும் இரண்டாம் நூற்றாண்டிலேயே பரவலாக ஓதப்பட்டன. ஏற்கப்பட்டவை எவை, ஐயத்துக்குரியவை எவை, தள்ளத்தக்கவை எவை என்று யூசேபியஸ் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார்; யாக்கோபு, யூதா, பேதுருவின் இரண்டாம் நிருபம் ஆகியவை அவரது ஐயப் பட்டியலில் உண்டு. இன்றைய 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் தருகின்ற முதற் பட்டியல், அலெக்சாந்திரியாவின் அத்தனாசியஸ் 367 இல் எழுதிய திருநாள் மடலில் இருக்கின்றது. அதே மடலில் அவர் எஸ்தரைப் பழைய ஏற்பாட்டின் நியமன நூல்களுக்குள் சேர்க்கவில்லை. லூதர் 1522 இல் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் ஆகிய நான்கையும் இலக்கமிடாமல் கடைசியிலே தள்ளி வைத்தார். திரெந்து சங்கம் 1546 இல் கத்தோலிக்கரின் பட்டியலை முடித்துவைத்தது. எங்கள் வீட்டில் 66 நூல்கள். அடுத்த வீட்டுக் கத்தோலிக்கரிடம் 73. எத்தியோப்பியத் திருச்சபையில் 81. இத்தனையும் பகிரங்கமான வரலாறு. ஒரு சக்கரவர்த்தி ஒரு கோடையில் செய்து முடித்திருந்தால் இவ்வளவு சச்சரவு மிஞ்சியிருக்குமா? திருச்சபை இந்நூல்களுக்கு அதிகாரம் கொடுத்தது என்று கத்தோலிக்கரும், அவற்றிலிருந்த அதிகாரத்தைத் திருச்சபை இனங்கண்டது என்று புரட்டஸ்தாந்தரும் சொல்வார்களென்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அதுவும் முழுச் சரியல்ல. 1870 இன் முதலாம் வத்திக்கான் சங்கம், இந்நூல்கள் பரிசுத்தமானவை என்பதற்குக் காரணம் திருச்சபை பின்னர் ஒப்புதல் அளித்ததல்ல என்று தெளிவாகவே கூறிவிட்டது.

இனி ஏவுதல். கடவுள் சொல்லச் சொல்ல மனிதன் எழுதினான், அவன் வெறும் எழுதுகோல், என்று நினைப்பவர்கள் பவுலை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் தொடக்கத்திலே, உங்களில் இன்னாருக்கே ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று இரண்டு பெயர் சொல்கின்றார். பிறகு இன்னொரு குடும்பம் நினைவுக்கு வருகின்றது, அதையும் சேர்க்கின்றார். அதற்கப்பால் யாருக்காவது கொடுத்தேனோ தெரியாது என்று கைவிரித்துவிடுகின்றார். எழுதச் சொன்னவர் கடவுள், எழுதுகோல் பவுல் என்றால் இங்கே மறதி யாருடையது? அதே நிருபத்தில், இது ஆண்டவர் சொன்னதல்ல, நான் சொல்வது என்று பிரித்துக் காட்டுகின்ற இடமும் உண்டு. லூக்கா தமது நற்செய்தியின் முகவுரையில், முன்னே எழுதியவர்கள் பலர் என்றும், தாம் எல்லாவற்றையும் விசாரித்து ஒழுங்காக எழுதுவதாகவும் சொல்கின்றார். ஒரு நல்ல நிருபர் எழுதும் முகவுரை அது. தொழில் காரணமாக எனக்கு லூக்காவிடம் தனிப்பற்று. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் வேதவாக்கியங்கள் கடவுளின் மூச்சு பெற்றவை என்று வருகின்றது. அடுத்த அதிகாரத்திலேயே, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை வரும்போது கொண்டு வா என்றும் வருகின்றது. மூச்சும் மேலங்கியும் ஒரே மடலில். இறைவன் மனிதரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் தம் ஆற்றல்களைக் கையாண்டு மெய்யான ஆசிரியர்களாகவே எழுதினார்கள் என்று 1965 இன் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. வேதத்தில் தவறில்லை என்பதில் மிகக் கண்டிப்பானவர்கள் 1978 இல் சிக்காகோவில் கூடி வெளியிட்ட அறிக்கையும், அக்கோட்பாடு கண்டிப்பான பொருளில் மூல எழுத்துக்களுக்கே உரியது, பிரதிகள் மூலத்துக்கு எவ்வளவு நேர்மையானவையோ அவ்வளவுக்கே இறைவார்த்தை என்று ஒப்புக்கொள்கின்றது. எங்கள் மேடைப் பேச்சாளர்கள் சிக்காகோவையும் மிஞ்சிய வைதிகர்கள்!

எல்லை மீறிய காவலுக்கு வரலாற்றிலே ஒரு பாடம் உண்டு. எபிரேய எழுத்து மெய்களால் ஆனது. உயிரொலிக் குறிகள் ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் யூத அறிஞர்கள் இட்டவை. இதை 1624 இல் லூயி கப்பெல் என்ற பிரான்சியப் புரட்டஸ்தாந்தர் நிறுவியபோது, வேதம் போயிற்று என்று அலறினார்கள். 1675 இல் சுவிற்சர்லாந்துத் திருச்சபைகள் ஒரு விசுவாச அறிக்கை செய்து, மெய்கள் மட்டுமல்ல, உயிர்க்குறிகளும், அல்லது குறைந்தபட்சம் அவற்றின் வலுவும், இறை ஏவுதல் பெற்றவை என்று எழுதி வைத்தன. இன்று அதைச் சொல்லுகின்ற பேராசிரியர் யாருமில்லை. புள்ளியில்லாத ஓலையிலே எகரமா ஏகாரமா என்று தடுமாறிப் பொருள் தேறிய தமிழருக்கு இச்சண்டை புரியாமல் போகாது.

ஓலை என்றதும் நினைவு சிறுப்பிட்டிக்கு ஓடுகின்றது. அங்கே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அச்சேற்றியபோது ஒரு சுவடியை மட்டும் நம்பி அச்சிடவில்லை. கிடைத்தவற்றைத் தேடி ஒப்புநோக்கினார். ஏடுகள் எடுக்கும்போதே நொறுங்குவதைச் சொல்லி வருந்தினார். பாடபேதம் என்ற சொல் நமது பதிப்பாளர்களுக்கு அன்றாடச் சொல். பாடபேதம் உண்டென்பதற்காகத் திருக்குறள் பொய் நூல் என்று யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்வேன், சைவ அன்பர்கள் பொறுத்தருள்க. தில்லையின் பூட்டிய அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததையும், செல்லரித்தது போக எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பி தொகுத்ததையும் சைவ மரபு மறைக்கவில்லை. திருமுறை கண்ட புராணம் என்று அதற்கொரு நூலே பாடி வைத்தது. பெரும்பகுதி அழிந்தது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, எஞ்சியதைக் கண்ணீர் மல்க ஓதுகின்றார்கள். எங்களவர்களோ, ஒரு புள்ளியும் அரிக்கப்படவில்லை என்று சத்தியம் செய்துவிட்டு, அரித்த இடத்தைப் பிள்ளைகள் காணும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கின்றார்கள்.

கறையான் கதை எங்கள் வேதத்திலேயே இல்லையா? எரேமியா சொல்லப் பாருக் எழுதிய சுருளை, யோயாக்கீம் அரசன் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பிலே போடுகின்றான். பாருக் மறுபடியும் எழுதுகின்றான்; முன்னிருந்தவற்றோடு இன்னும் பல வார்த்தைகள் சேர்க்கப்பட்டன என்று அந்நூலே சொல்லுகின்றது. அந்த எரேமியாவின் கிரேக்க வடிவம் எபிரேய வடிவத்திலும் பார்க்கக் கணிசமாகக் குறுகியது. கிரேக்கர் சுருக்கிவிட்டார்கள் என்று சொல்லித் தப்பவும் முடியாது. 1947 இலிருந்து சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த எபிரேயச் சுருள்களிலே நீண்ட வடிவமும் உண்டு, குறுகிய வடிவத்துக்கு நெருங்கியதும் உண்டு. அதே குகைகளில் கிடைத்த ஏசாயாச் சுருளோ, அதுவரை நம்மிடமிருந்த முழுமையான எபிரேயச் சுவடிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. சிறு வேறுபாடுகள் ஏராளம். எனினும் நாம் வாசிக்கின்ற ஏசாயாதான் அது. பேணிக் காக்கப்பட்டது என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுவே. பெட்டியிலே பூட்டிக் காக்கவில்லை. ஆயிரம் கைகள் எழுதி, பிழைவிட்டு, திருத்தி, மறுபடி எழுதிக் காத்தன.

இதையெல்லாம் திரட்டிக்கொண்டு, எனது மருமகன் சிறுவனாயிருந்தபோது அவனுக்குப் போதித்த போதகரை அண்மையிலே சென்று கண்டேன். நல்ல மனிதர். போர்க் காலத்திலே சனங்களோடு நின்றவர். மறுக்கவில்லை; மாற்கின் முடிவைப் பற்றித் தாம் கல்லூரியில் எழுதிய கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்ததையும் சொன்னார்.

"பிறகு ஏன் ஐயா ஒருநாளும் பிரசங்கத்தில சொல்லேல்லை?"

"சனத்துக்கு இது வேண்டாம் தம்பி. குழம்பிப் போவினம்."

லண்டனில் ஒரு பிள்ளை ஏற்கெனவே குழம்பிப் போனான் என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

சென்ற வாரம் மருமகன் ஒரு படம் அனுப்பினான். சினாய் மலை மடத்திலிருந்து ரஷ்யாவுக்குப் போய், 1933 இல் சோவியத் அரசிடமிருந்து ஒரு இலட்சம் பவுணுக்கு வாங்கப்பட்டு லண்டன் வந்த நான்காம் நூற்றாண்டுச் சுவடியின் பக்கம் அது. இன்று இணையத்திலே எவரும் பார்க்கலாம். மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு, பெண்கள் அஞ்சி ஓடுகின்ற இடத்தில் முடிகின்றது. கீழே பத்தியின் மிகுதி வெறுமையாகக் கிடக்கின்றது. படத்தோடு அவன் எழுதியிருந்தது ஒரே வரி: "மாமா, இதைப் போதகருக்கும் அனுப்பட்டோ?"

அனுப்பச் சொன்னேன்.